பி ஷிஃப்ட்காரருக்கு நான் கட்டிய பீடம்

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற நூலகத்துக்குப் புதிய நூலகராக வந்திருப்பவள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “மேடம், நம்ம வாசல் பெஞ்சுல ஒரு இரும்புச் சிலை உக்காந்திருக்குல்ல? அதுக்கு கிரானைட்ல பீடம் போட்டுத் தர்றோம்னு ஒரு கம்பெனியில சொல்றாங்க. சுத்தி கம்பி, ஃபோகஸ் லைட்டு எல்லாம். சரின்னு சொல்லிடட்டுமா?” என்றாள்.  

“வேணாம்மா. ஏன்னு எழுதி அனுப்புறேன்” என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகு, அவளுக்கு மட்டும் எதற்கு, இந்த வருஷம் நூலகர் வேலைக்கு வந்திருக்கும் எல்லோருமே படிக்கட்டும் என்று தோன்றியது.

வகைப்பாட்டு எண் போடுவதையும் இருப்புச் சரிபார்ப்பதையும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி இல்லை. நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பை. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. நல்லது செய்கிறேன் என்ற மிதப்பில் செய்தது. நம் வேலையில் அந்த ரகத் தப்புதான் அதிகம் நடக்கும், ஏனென்றால் அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

அந்த நூலகத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஒரு கிராமத்தின் முகப்பில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கூடம், ஒரு சின்ன அறை, சுற்ற மறுக்கும் இரண்டு மின்விசிறிகள். சுற்றுச்சுவருக்கு வெளியே, சாலையைப் பார்த்தபடி நீளமான சிமெண்ட் பெஞ்சு ஒன்று. கம்பெனி பஸ்கள் அதன் எதிரில்தான் நிற்கும்.

ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அரை மணி முன்னாலேயே வந்து, சாப்பாட்டுப் பையை அந்தப் பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே வந்து பேப்பர் படிப்பார்கள். பை இருந்தால் ஆள் வந்துவிட்டான் என்று கணக்கு. பஸ் வந்ததும் பை இருக்கும் வரிசையில்தான் ஏறுவார்கள். எவனாவது பையைத் தள்ளி வைத்துவிட்டு முந்தினால் அன்றைக்கு அவன் தொலைந்தான். எந்தத் தொழிற்சாலையும் போடாத சட்டம் இது. நான் பார்த்தவரை ஒருநாளும் மீறப்படவில்லை. நூலகத்தில் அமைதி காக்கவும் என்று நான் எழுதி மாட்டியிருந்த பலகைக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஊரில் எனக்குப் பெயர் டீச்சரம்மா. நூலகர் என்று ஒரு உத்தியோகம் இருப்பதை அங்கே யாரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வந்தவர்களில் கலைவாணி என்று ஒரு பெண். தென்காசிப் பக்கம். கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டல் இரண்டே அறை, பதினாறு பெண்கள். மூன்று ஷிஃப்டிலும் ஆள் உண்டு என்பதால் எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். லைட் போடக் கூடாது, பேசக் கூடாது, பக்கம் புரட்டும் சத்தம் கேட்டால்கூட போர்வைக்குள்ளிருந்து ஒரு “ச்சு” வரும்.

“பகல்லயும் இருட்டுதான் மேடம் அங்க. ஒருத்தி எந்திரிச்சா இன்னொருத்தி வந்து உறங்குவா. இந்த லைப்ரரி மட்டும் இல்லேன்னா நான் புஸ்தகத்த மூடிட்டு ஊருக்குப் போயிருப்பேன்” என்று ஒருமுறை சொன்னாள். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று நூலகத்தைச் சீர்செய்து தர முன்வந்தது. அங்கே சி.எஸ்.ஆர். என்கிற சமூக உதவி நிதியைப் பார்க்கும் தம்பி ஒருவர் வந்து, “மேடம், ஃபேக்டரி ஸ்கிராப்ல ஒரு சிற்பம் பண்ணி முன்னாடி வைக்கலாம். எங்க மேனேஜ்மெண்ட்டுக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா” என்றார். எனக்குப் பெண்களுக்கான கழிவறை வேண்டும், அவருக்குச் சிற்பம் வேண்டும். கழிவறை முதலில், சிற்பம் பிறகு என்று பேரம் பேசினேன். ஒத்துக்கொண்டார்கள். கழிவறை வந்தது. ஆறு மின்விசிறி, நீள மேஜைகள், சார்ஜ் போட பிளக் பாயிண்டுகள், வாசலில் உயரமான ஒரு கம்ப விளக்கு எல்லாம் வந்தன. கழிவறை வந்த மாதத்திலேயே கூடத்தில் பெண்கள் எண்ணிக்கை கூடிப்போனதைக் கண்ணால் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிற்பத்தைச் செய்தவர் முனுசாமி. அதே ஊர்க்காரர், தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வெல்டர், என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். தகட்டுத் துண்டு, செயின், நட்டு, போல்ட்டு என்று கழித்துப்போட்ட சாமான்களை வைத்து, கால்மேல் கால் போட்டுப் புத்தகம் படிக்கும் ஒரு மனிதனைச் செய்தார். பேரிங் வளையம் இரண்டைச் சேர்த்துக் கண்ணாடி மாட்டிவிட்டார். பக்கத்தில் இரும்பிலேயே ஒரு சாப்பாட்டுப் பை. ஜிப் பாதி திறந்திருக்கும், உள்ளே டப்பா மூடி தெரியும். அவருடைய பட்டறையில் முதலில் பார்த்தபோது நான் அந்தப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. முனுசாமிக்கு அதை வெளியே, சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைக்க வேண்டும். பை வரிசையில் இந்த இரும்புப் பையும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்ப விளக்கின் வெளிச்சம் பெஞ்சின் மேல் விழ வேண்டும். இதைச் சிமெண்டுச் சாக்கின் பின்பக்கத்தில் படம் வரைந்தே கொண்டுவந்தார்.

எனக்கு அது மட்டமாகப் பட்டது. பழைய இரும்புக்காரன் தூக்கிப்போய்விடுவான், பிள்ளைகள் ஏறும், வெற்றிலை போட்டவன் பக்கத்தில் துப்புவான் என்று அடுக்கினேன். அதெல்லாம் சாக்கு. திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், என் நூலகத்துச் சிற்பம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பதா என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம். கேட்டுக்கு உள்ளே, முற்றத்தின் நடுவில், நாலடிப் பீடம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, சுற்றிக் கம்பி போடச் சொன்னேன்.

“இன்னா டீச்சரம்மா, அவன் படிக்க வந்தவன். அவன இன்னாத்துக்கு மேல தூக்கி ஒக்கார வெக்கிற?” என்றார் முனுசாமி.

“பார்வையா இருக்கும்ணே.”

“பார்வ நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல எவன் ஒக்காருவான்?”

“சிலை பக்கத்துல யாராவது உக்காருவாங்களா?”

“அதான் சொல்றேன். நான் சிலை செய்யல” என்றார்.

பேச்சு அத்தோடு முடிந்தது. பீடத்தில் இடம் போதாததால் பையைக் கழற்றிவிடச் சொன்னேன். அவர் கழற்றி என் அறைவாசலில் வைத்துவிட்டுப் போனார். மிச்ச வேலையையும் முடித்துக்கொடுத்தார், ஆனால் அதன் பிறகு நூலகத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கம்ப விளக்கை முற்றத்துப் பக்கம் திருப்பி, பீடத்தின் மேல் வெளிச்சம் விழும்படி செய்தேன். இரும்புப் பையை என் அறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டேன். நல்ல கனம், உபயோகமாகத்தான் இருந்தது.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “யார் சிலை இது?” யாரும் இல்லை, படிக்கிற ஒருவர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்த்தார்கள். நம் ஊரில் பீடத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒரு பெயர் இருந்தே தீர வேண்டும். கையில் புத்தகம், கண்ணில் கண்ணாடி. அப்படிப்பட்ட தலைவர்களுக்கு நம்மிடம் பஞ்சமா என்ன?

முதல் எச்சரிக்கை தேர்தலின்போது வந்தது. தலைவர்கள் சிலைகளைத் துணி போட்டு மூடும் வேலையாக ஒரு ஊழியர் துணிச்சுருளும் கயிறுமாக வந்து நின்றார். இது தலைவர் இல்லை என்றேன். பட்டியலைப் பார்த்தார். “லிஸ்ட்ல இல்லதான் மேடம். ஆனா பீடம் இருக்கே. பீடம் இருந்தா நாங்க மூடிடுவோம், எதுக்கு வம்பு” என்று சொல்லி மூடிவிட்டுப் போனார். தேர்தல் முடியும்வரை எங்கள் வாசகர் தலையில் முக்காடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். நான் அதை எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன். அந்த மனிதர் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

தேர்தல் முடிந்து துணி எடுத்த சில வாரத்தில், ஒரு தலைவரின் பிறந்தநாள் அன்று ஏரிக்கரைத் தெருக்காரர்கள் வந்து மாலை போட்டார்கள். முன்னால் நின்றவர் ஏகாம்பரம், பழைய வார்டு உறுப்பினர். மாலைதானே, பூ வாடினால் எடுத்துவிடலாம் என்று சும்மா இருந்தேன். அடுத்த மாதம் இன்னொரு தலைவரின் நினைவுநாளுக்கு ரோட்டுத் தெருக்காரர்கள் மாலை போட்டார்கள். அவர்களுக்குத் தேவராஜ் தலைமை, மளிகைக் கடை வைத்திருப்பவர். அப்போதும் சும்மா இருந்தேன். பிறகு ஒருநாள் காலை வந்து பார்த்தால் பீடத்துக்கு இரண்டு வர்ணம் பூசியிருந்தது. சாயங்காலத்துக்குள் அதன்மேல் வேறு இரண்டு வர்ணம். அதற்கடுத்த நாள் கேட்டருகே இரண்டு தரப்பும் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நாற்காலி பறந்தது, ஜன்னல் கண்ணாடி உடைந்தது, போலீஸ் வந்தது. பேச்சுவார்த்தை முடியும்வரை கேட்டைத் திறக்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் பூட்டச் சொன்னார்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். கோப்பு அனுப்புங்கள், உத்தரவு வரும் என்றார். அனுப்பினேன். உத்தரவு வரும்வரை என் பொறுப்பு முடிந்தது என்று வீட்டில் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பத்து நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். சண்டை போட்டது அவர்கள், பூட்டச் சொன்னது போலீஸ், என் மேல் என்ன தப்பு?

பத்தாம் நாள் சாயங்காலம் பணம் எடுக்க நூலகத்துக்கு இரண்டு கட்டிடம் தள்ளியுள்ள ஏ.டி.எம்.முக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளினால், உள்ளே தரையில் கலைவாணி. மெஷினுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் முதுகைச் சாய்த்து, மடியில் புத்தகம். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, பணம் எடுக்க வந்தவளுக்கு வழிவிடுவதுபோல் வெளியே போய் நின்றுகொண்டாள். ஒவ்வொரு ஆளுக்கும் அப்படித்தான் எழுந்து வெளியே போயிருக்கிறாள் என்று பார்த்த உடனே புரிந்தது.

அவளுடைய ஒப்பந்தம் முடிந்து, அடுத்த ஒப்பந்தம் போடும்வரை இடைவெளி விட்டிருந்தார்கள். சேர்த்துவைத்ததை வைத்து ஹாஸ்டலுக்குக் கட்டிக்கொண்டு, அந்த மூன்று வாரத்தையும் முழுக்கப் படிப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தாள். தேர்வுக்கு அதில் பாதிதான் மிச்சம். இந்தத் தேர்வை விட்டால் அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“ஏம்மா, இங்கயா படிக்கிற?”

“லைட்டு இருக்கு, ஏசியும் இருக்கு மேடம். வாட்ச்மேன் தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்று சிரித்தாள். பிறகு, “எப்ப மேடம் திறப்பீங்க?” என்று கேட்டாள்.

உத்தரவு வரணும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கண் நூலகத்துப் பக்கம் போனது. நூலகத்தின் முற்றத்தில் யாருமே இல்லாமல், நான் திருப்பிவைத்த விளக்கு பீடத்தின் மேல் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு வெளியே பெஞ்சு இருட்டில் கிடந்தது. முனுசாமி வரைந்த படத்தில் அந்த வெளிச்சம் எங்கே விழுந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவர் சொன்னபடி செய்திருந்தால் கேட் பூட்டியிருந்தாலும் அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து படித்திருப்பாள். எனக்கு அவமானமாக இருந்தது. பணம் எடுக்காமலே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். “மேடம், மத்தியானம் கிரேன் வருது. சிலையைக் கழட்டி தாலுகா ஆபீஸ்ல வெச்சுடறோம். நீங்க ஒரு லெட்டர் கொடுத்துடுங்க.” செய்தி அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. எங்கள் தலைவரைக் கழற்றினால் சாலையில் உட்காருவோம் என்று இரண்டு தெருவுமே சொல்லிவிட்டது. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. மத்தியானம் பி ஷிஃப்ட் பஸ்கள் வரும் நேரத்தில் அந்தச் சாலையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலை இருந்தாலும் கலவரம், எடுத்தாலும் கலவரம். நூலகத்துக்கு எப்படியும் பூட்டுதான்.

சிலையை ஒப்படைக்கும் கடிதம் எழுத அதன் பதிவு வேண்டும். தளவாடப் பதிவேட்டை எடுத்தேன். மேஜை, நாற்காலி எல்லாம் எழுதும் பெரிய நோட்டுத்தான். அதில் என் கையெழுத்தில் இருந்தது: மின்விசிறி, ஆறு. அதன் கீழே, இரும்பு உருவம், அமர்ந்த நிலை, ஒன்று. அதன் கீழே, இரும்பு அலமாரி, நான்கு. சிலை என்ற வார்த்தையே இல்லை. கம்பெனி கொடுத்ததை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியாமல் அன்றைக்கு மின்விசிறிக்கும் அலமாரிக்கும் நடுவில் எழுதிவைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தளவாடத்தை நூலக இடத்துக்குள் இடம் மாற்ற நூலகருக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். அலமாரியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ள நான் எந்த மேலதிகாரியிடம் கேட்டேன்? வெளியே இருக்கும் பெஞ்சும் நூலக நிலத்தில்தான் இருக்கிறது. சரி, என் அதிகாரம் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு தெருவையும் பதிவேட்டைக் காட்டி அடக்க முடியாது.

முனுசாமிக்குப் போன் செய்தேன். “அண்ணே, பீடம் கட்டினது என் தப்பு. நீங்க சொன்னதுதான் சரி. இன்னைக்கு அவரக் கீழ எறக்கணும், வாங்க.”

“இத சொல்றதுக்கு இம்மா நாளா?” என்றார். அப்புறம், “ஆளுங்க தலைவரு தலைவருன்னு அடிச்சிக்கினு கீறானுங்களே, எவனாவது அவன் கழுத்துல இன்னா கீதுன்னு பாத்தானா?” என்று கேட்டார்.

“கழுத்துல என்ன இருக்கு?”

“நீயும் பாக்கலியா?” என்றார்.  திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவர் கடைசியாக ஏதோ வைத்துப் பற்றவைத்ததை நான் அறைக்குள்ளிருந்து பார்த்ததோடு சரி. அதன்பிறகு நாலடி உயரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம், மாலைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? என்ன என்று அவரே சொன்னார், கேட்டதும் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு நூலக வாசலில் இன்ஸ்பெக்டர், கிரேன், இரண்டு தெரு ஜனங்கள் எல்லோரும் இருந்தார்கள்.   முதலில் இன்ஸ்பெக்டரிடம் பதிவேட்டைக் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அப்ப இது ஃபர்னிச்சரா?” என்றார்.

“ஆமாம் சார். என் ஃபர்னிச்சர். வெளிய கொண்டுபோக விடமாட்டேன். உள்ளயே எடம் மாத்திக்கிறேன்.”

“இவங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்” என்று கூட்டத்தைக் காட்டினார்.

ஏகாம்பரத்தையும் தேவராஜையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். “இது உங்க தலைவர்னு நீங்க சொல்றீங்க, இல்ல எங்க தலைவர்னு அவங்க சொல்றாங்க. நான் குறுக்க பேசல. ரெண்டு பேரும் மேல ஏறி பக்கத்துல போய் ஒருதரம் மூஞ்சியப் பாத்துட்டு வாங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்யறேன்.”

யார் முதலில் ஏறுவது என்று அதற்கும் ஒரு முறைப்பு. அது வரும் என்று தெரிந்துதான் நூலக ஏணியோடு முனுசாமியின் ஏணியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பீடத்தின் இரண்டு பக்கமும் சாத்தினோம். அறுபது தாண்டிய இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் ஏறினார்கள். மேலே போய் இருவரும் மாலைகளை விலக்கினார்கள். சிலையின் நெஞ்சில், கம்பெனி அடையாள அட்டை மாதிரி ஒரு சின்னத் தகடு செயினில் தொங்கியது. தேவராஜ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“பி... ஷிஃப்ட்.”

 ஏகாம்பரம் குனிந்து காலைப் பார்த்தார். “ஏம்ப்பா முனுசாமி, இன்னாது இது, சேஃப்டி ஷூவா?”

“ஆமாம்பா. உன் தலைவரு போட்டுக்கினு இருந்தாரா?” என்றார் முனுசாமி கீழேயிருந்து.

முதலில் சிரித்தது சாலையோரம் பை வைத்துவிட்டு நின்ற பையன்களில் எவனோ. “டேய், தலைவரு நம்ம ஷிஃப்டுடா!” என்று ஒரு குரல். அப்புறம் அடக்க முடியவில்லை. ஏணி மேல் நின்ற தேவராஜே சிரித்துவிட்டார். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சுண்டிப்போனது. சிரிப்பில் ஒருவர் தோற்றுப்போனாலும் அடுத்த வாரம் அது வேறு சண்டையாகத் திரும்பி வரும் என்று எனக்குப் பயம். உடனே, “அண்ணே, உங்களயும் சரி, அவரையும் சரி, ஏமாத்தினது நான்தான். பீடம் கட்டி மேல ஏத்தினா யாரா இருந்தாலும் தலைவர்னுதான் நெனப்பாங்க. உங்க மேல தப்பில்ல” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.  ஏகாம்பரம் தன் தெரு போட்ட மாலையைத் தானே கழற்றி, மடித்து, கையில் வைத்துக்கொண்டு இறங்கினார். தேவராஜும் அதேபோல் இறங்கினார்.

கொண்டுபோக வந்த கிரேன்தான் அவரை இறக்கியது. முனுசாமி கேஸ் கட்டரால் போல்ட்டுகளை அறுத்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்துப் பற்றவைக்கும்போது என் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்த பையை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். “கதவு சாத்திக்கப்போவுது டீச்சரம்மா” என்றார். அவர் கோபம் தீர்ந்துவிட்டது என்று அதில் தெரிந்துகொண்டேன். விளக்கையும் அவரே கம்பத்தில் ஏறித் திருப்பினார். பி ஷிஃப்ட் பஸ் வந்து நின்றபோது பெஞ்சில் பை வரிசை இருந்தது. வரிசையில் முதல் பை இரும்புப் பை. இன்றுவரை எத்தனை மணிக்கு வந்தாலும் அங்கே யாரும் இரண்டாவது ஆள்தான்.

அன்று மத்தியானம் கேட்டைத் திறந்தேன். மேலிடத்து உத்தரவு இரண்டு மாதம் கழித்து வந்தது. அதைக் கோப்பில் சேர்த்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்குப் பெருமையாகவே சொல்லியிருப்பேன். கலைவாணி மிச்சமிருந்த நாட்கள் முழுக்க வந்தாள். திறப்பதற்கு முன் வந்து, பூட்டும்வரை இருந்தாள். தேர்வு எழுதினாள். தேறவில்லை. எவ்வளவில் போனது என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தப் பதினொரு நாள் இருந்திருந்தால் தேறியிருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். “ஏம்மா, என்னாலதான் உனக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“விடுங்க மேடம், ஏ.டி.எம்.ல ஏசில்லாம் போட்டுப் படிச்சேன், யாருக்குக் கிடைக்கும்?” என்று என்னைச் சமாதானம் செய்தாள். என் தப்புக்கு அவள் என்னைத் தேற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் அறைக்குள் போய் அழுதேன். கதவு நிற்காமல் சாத்திக்கொண்டதில் ஒரு சௌகரியம் இருந்தது.

உங்களுக்கு வேலையில் ஆயிரம் பேர் ஆயிரம் யோசனை சொல்வார்கள். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்தான், கொடுக்க வருகிறவர்களை விரட்டாதீர்கள். கழிவறை கேளுங்கள், மின்விசிறி கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் எதைக் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது, விழாவுக்கு வருகிறவரை நினைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்.

கடைசியாக, போன் செய்த பெண்ணுக்கு. பீடம் வேண்டாம் என்று அந்தக் கம்பெனியிடம் மரியாதையாகச் சொல்லிவிடு. கட்டாயம் ஏதாவது தருவோம் என்றால் பெஞ்சை இன்னும் பத்தடி நீட்டித் தரச் சொல். ராத்திரி எட்டு மணிக்கு நீ பூட்டியபிறகு, சி ஷிஃப்ட் பஸ் வரும்வரை, இரும்பு மனிதருக்குப் பக்கத்தில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். தன் பையை அவர் மடியில் வைத்திருப்பாள். அதுதான் கலைவாணி. மறுபடி லைனில் சேர்ந்துவிட்டாள், மறுபடி தேர்வுக்குப் படிக்கிறாள். நீயாக ஒன்றும் பேச வேண்டாம், அவளுக்கு நேரம் குறைவு. போகும்போது ஒருமுறை நிமிர்ந்து, அந்த விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போ.